கால்பங்கும் முக்கால்பங்கும்: கொழும்பில் தனிவகுப்பின் வரலாறு

கொழும்புக் கோட்டையிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் தூரத்தில், ஹைலெவல் வீதியும் களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதையும் அருகருகே செல்லும் இடத்தில் அமைந்துள்ள நுகேகொடை, இலங்கையின் கல்வி முறையை ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ள உதவும் ஊராகும். பாடசாலைப் பாடத்திட்டங்களை வகுக்கும் தேசிய கல்வி நிறுவகம் அயலூரான மகரகமையிலும், பட்டக் கல்வி வழங்கும் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் கங்கொடவிலையிலும், வேலை பார்ப்பவரும் இடையில் படிப்பை விட்டவரும் தொலைவிலிருந்தே பயில வழிசெய்யும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நாவலையிலும் அமைந்திருக்கின்றன. இவற்றுக்கு நடுவே, எந்தச் சட்டத்தாலும் நிறுவப்படாத நான்காவது கல்வி அமைப்பாக, மக்கள் ‘ரியூசன்’ என்று அழைக்கும் தனிவகுப்புகள் சந்தியைச் சுற்றியுள்ள மாடிக் கட்டடங்களையும் மண்டபங்களையும் நிறைத்துள்ளன. நுகேகொடை வகுப்புகள் பெரும்பாலும் சிங்கள, ஆங்கில மொழிமூல மாணவருக்கானவை; தமிழ்மொழி மூல மாணவருக்கு அதே பணியை வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் கொட்டாஞ்சேனையும் செய்துவருகின்றன.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி என்னும் உரையாடும் மென்பொருள் பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்ததன் பின்னர், கேட்ட கேள்விக்குக் கேட்ட நொடியில் விடை எழுதித் தரும் இயந்திரம் பிள்ளையின் கையிலேயே இருக்கும்போது அப்பிள்ளை எதைக் கற்கும், எவ்வாறு வளரும் என்ற கவலை இவ்வூர்களின் வீடுகளிலும் எழுந்துள்ளது. இயந்திரம் புதியதாயினும் கேள்வி புதியதன்று. ஆயத்தமான விடையை விலைக்கு வாங்கும் வழக்கம் இப்பகுதிகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலவிவருகிறது. அவ்வழக்கம் பிள்ளைகளுக்குக் கொடுத்தது எது, அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது எது என்பதை அறிந்தோர், செயற்கை நுண்ணறிவைப் பற்றிய முடிவுகளைத் தெளிவோடு எடுக்க முடியும்.

நன்னூலின் கணக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் தம் நன்னூல் என்னும் இலக்கண நூலின் பொதுப்பாயிரத்தில், அதாவது நூலுக்கு முன்னுரையாக அமையும் பகுதியில், ஆசிரியரின் இயல்பையும் மாணவரின் இயல்பையும் பாடம் கேட்கும் முறையையும் விரிவாக வகுத்துள்ளார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் ஒரு மாணவருக்குப் புலமையின் கால்பங்கே வந்து சேரும் என்பதும், உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால்பங்கு கிட்டும் என்பதும், எஞ்சிய அரைப்பங்கு தாம் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் மட்டுமே நிரம்பும் என்பதும் அங்கே கூறப்படும் கணக்காகும். கற்றலின் முக்கால்பங்கு மாணவரின் வாயும் சிந்தனையும் தொழிற்படும் நேரத்திலேயே நிகழ்கிறது என்னும் இக்கருத்து, தமிழ்க் கல்வி மரபு தனக்குத் தானே வைத்துக்கொண்ட அளவுகோல். கொழும்பின் தனிவகுப்பு வரலாற்றையும் அதன் பின் வந்த இயந்திரத்தையும் மதிப்பிட இதைவிடப் பொருத்தமான அளவுகோலைத் தேடவேண்டியதில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இக்கணக்கை ஓரளவு நடைமுறைப்படுத்தின. பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஏட்டுக்குச் சென்றது. எண்சுவடி முதலிய அடிப்படை நூல்களை மனனஞ்செய்து ஆசிரியரிடம் ஒப்புவித்தது. மூத்த மாணவராகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்தார். சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவில்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற மதகுரு, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதைத் தம் இல்லத்தில் கைக்கொண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்து 1797இல் இலண்டனில் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். அம்முறை ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. எனினும் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகப் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது: பிரம்படி அங்கே அன்றாட வழக்கமாக இருந்தது, பொருளறியாத மனனம் மிகுந்திருந்தது, ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண்பிள்ளைகளுக்கும் அதன் வாசல் மூடியிருந்தது. அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது, பிள்ளை சொல்வதை ஒருவர் நாள்தோறும் உட்கார்ந்து கேட்டார் என்ற அந்த ஒரு செய்தியே.

விஜயதசமி நாளில் நடைபெறும் ஏடு தொடக்குதல் என்னும் சடங்கு அச்செய்தியை இன்றும் நினைவூட்டுகிறது. குருக்களோ ஆசிரியரோ குடும்பத்தின் மூத்தவரோ பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய அரிசியில் முதலெழுத்தை எழுதுவித்து, அவ்வெழுத்தை வாய்விட்டுச் சொல்லவும் வைக்கும் இச்சடங்கு, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைக் கோயில்களில் ஆண்டுதோறும் நடந்துவருகிறது. சிங்களக் குடும்பங்களும் சுபநேரம் பார்த்துப் பிள்ளைக்கு முதலெழுத்தைச் சொல்லிக் கொடுக்கும் ஒத்த வழக்கத்தைப் பேணுகின்றன. கல்வியின் முதல் அடி, வளர்ந்த ஒருவரின் நேரமும் கவனமும் பிள்ளைக்குக் கிடைக்கும் அடியாக அமைய வேண்டும் என்ற உடன்பாடு இரு சமூகங்களுக்கும் பொதுவானது.

அச்சு நூலும் உத்தியோகப் பரீட்சையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி மேற்கத்திய அறிவியலைத் தமிழ் மாணவருக்கு அறிமுகப்படுத்தியது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பின்னர் அச்சகமும் நிறுவி, படிமுறையாக அமைந்த பாலபாடங்களை வெளியிட்டார். நன்னூல் விருத்தியுரையை அச்சேற்றியவரும் அவரே. ஆசிரியரின் நினைவிலும் ஓலைச்சுவடியிலும் அடங்கியிருந்த பாடம் இதனால் பல வீடுகளுக்குள் ஒரே வடிவில் நுழைந்தது. நூல் பெருகியதால் ஆசிரியர் தேவையற்றவராகவில்லை. மாறாக, பாடத்தை எழுதுவிப்பதில் கழிந்த நேரம் குறைந்து, பொருள் விளக்கவும் கேள்வி கேட்கவும் அவருக்கு நேரம் கூடியது. புதிய கருவி வரும்போது மிச்சமாகும் நேரத்தை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வியே ஒவ்வொரு காலத்திலும் முதன்மையானது என்பதை அச்சு நூலின் வருகை முதலிற் காட்டியது.

பிரித்தானிய ஆட்சியின்கீழ் ஆங்கிலம் கற்றவருக்கு அரசாங்க எழுதுவினைஞர் பதவி கிடைத்தமையால், கல்வி என்பது உத்தியோகப் பரீட்சையோடு இணைந்தது. சுயமொழிப் பாடசாலைகளில் கட்டணம் அறவிடப்படவில்லை. ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் அறவிடப்பட்டது. எனவே மாத வருமானம் தரும் வேலைக்கான வழி பணம் படைத்தோருக்கே எளிதாகத் திறந்திருந்தது. யாழ்ப்பாணத்துக்கான ரயில் பாதை 1905இல் முழுமை பெற்ற பின்னர், வடக்கிலிருந்து வந்த உத்தியோகத்தர் குடும்பங்கள் கரையோர ரயில் பாதையை ஒட்டிய வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் குடியேறின; துறைமுகத்தையும் வணிகத்தையும் சார்ந்த தமிழர் கொட்டாஞ்சேனையில் ஏற்கெனவே வாழ்ந்துவந்தனர். சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்புக்கு வந்து உரையாற்றியதன் ஊக்கத்தால் 1902இல் தோன்றிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையில் கல்விப் பணியையும் சைவசமயப் பரீட்சைகளையும் நடத்தியது; 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நூலகத்தோடு கூடிய கூடமாக வளர்ந்தது. சபையும் சங்கமும், கூடிப் பேசிக் கற்கும் களங்களாக, நன்னூல் சொன்ன இரண்டாவது கால்பங்குக்கு நகரத்தில் இடமளித்தன.

அதே காலத்தில் நுகேகொடையும் கல்வியூராக உருவெடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கு ரயில் ஓடத் தொடங்கியதால் நகருக்கு வெளியே வாழ்ந்து நகரில் வேலை பார்க்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கு அது ஏற்ற இடமாயிற்று. கல்வியாளர் ஈ. டபிள்யூ. அதிகாரம் 1941இல் அங்கே அனுலா வித்தியாலயத்தை நிறுவினார். பௌத்த வரலாற்று ஆய்வாளரும் சிங்களத்தில் அறிவியலை எளிமையாக எழுதியவருமாகிய இவர், மதனப்பள்ளியிற் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் ஈடுபாடு கொண்டிருந்தார். பிள்ளையைப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் போட்டியால் தூண்டுவதும் அறிவை மழுங்கச் செய்யும் என்று கிருஷ்ணமூர்த்தி வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர். அந்தச் சிந்தனையோடு உறவு கொண்ட ஒருவர் பெண்கள் பாடசாலை நிறுவிய அதே ஊர், ஒரு தலைமுறைக்குள் நாட்டின் பரீட்சைப் போட்டிக்குப் பெயர்பெற்ற இடமாக மாறியது. அம்மாற்றத்தின் காரணங்களை இலவசக் கல்வியின் வெற்றியிலேயே தேட வேண்டும்.

இலவசக் கல்வியும் ஒடுங்கிய வாசலும்

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் 1943ஆம் ஆண்டின் விசேட குழு அறிக்கை வெளியாகி, 1945 ஒக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. திறமையும் வறுமையும் ஒருங்கே கொண்ட பிள்ளைகளை அவற்றுக்குத் தெரிந்தெடுத்து உதவித்தொகை வழங்குவதற்காக ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை அமைந்தது. எழுத்தறிவு உயர்ந்தது, பெண்கள் பெருந்தொகையாகப் பாடசாலைக்கு வந்தனர், சிங்களமும் தமிழும் பாடமொழிகளாயின. ஆயினும் பாடசாலை வாசல் அகன்ற வேகத்தில் பல்கலைக்கழக வாசல் அகலவில்லை. உயர்தரப் பரீட்சையில் தகுதி பெறுவோரில் பெரும்பாலானோருக்கு இன்றும் அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. எல்லாருக்கும் திறந்த பாதை ஒரு சிலரே நுழையக்கூடிய வாசலில் முடிந்ததால், ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றுத்தரும் எதுவும் விலைமதிப்புடையதாயிற்று.

நுகேகொடைக்கு இவ்விரிவு நேரடியாகப் பலன் தந்தது. ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர் 1873இல் மாளிகாகந்தையில் தொடங்கிய வித்தியோதய பிரிவெனா 1959இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, 1961இல் கங்கொடவிலைக்கு இடம்பெயர்ந்து, 1978இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. பட்டதாரிகளும் பட்டம் நாடுவோரும் நிறைந்த சூழல், நல்ல பாடசாலைகள், பல திசைகளின் பேருந்துகள் சந்திக்கும் வசதி என்னும் மூன்றும் ஒன்றுகூடியபோது தனிவகுப்புக்கு ஏற்ற நிலம் தயாராயிற்று. கோட்டையிலிருந்து மகரகமை நோக்கிச் செல்லும் 138ஆம் இலக்கப் பேருந்தும், கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து பொரளை, நாவலை ஊடாக வரும் 176ஆம் இலக்கப் பேருந்தும் மாணவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தன.

தமிழ் மாணவரைப் பொறுத்தவரை வாசல் மேலும் ஒடுங்கியது. தரப்படுத்தல் என்று அறியப்பட்ட முறை, பரீட்சை எழுதிய மொழிக்கு ஏற்பப் பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளியை வேறுபடுத்தியது; 1971ஆம் ஆண்டு அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமானவையாயிருக்க, தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ‘ரியூட்டரி’ எனப்படும் தனியார் கல்வி நிலையங்கள் பெருகியதற்குக் குடும்பங்களின் பேராசையைக் காரணங்காட்டுவது அநீதியாகும். சமமற்ற அளவுகோலின் முன் நின்ற பெற்றோருக்குப் பிள்ளையின் புள்ளிகளை உயர்த்துவதைத் தவிர வேறு வழி தென்படவில்லை. 1983 ஜூலையில் கொழும்பிலும் புறநகர்களிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்ட பின்னர், எங்கும் பரந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் பலர் நாட்டை விட்டுப் புறப்பட்டனர். எஞ்சியோரும் போரினால் வடகிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தோரும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் செறிந்தனர். நிலமும் வீடும் இழந்த குடும்பத்துக்குக் கல்வி ஒன்றே எவராலும் பறிக்கமுடியாத சொத்தாகத் தோன்றியது. அவ்வச்சமும் அந்நம்பிக்கையும் சேர்ந்தே இப்பகுதிகளின் தமிழ்மொழி மூல வகுப்புகளை நிறைத்தன.

ரியூட்டும் மண்டபமும்

தனிவகுப்பு ஒரே வடிவில் நிலைத்திருக்கவில்லை. ஆசிரியர் வீட்டின் முன்னறையில் நாலைந்து பிள்ளைகள் மேசையைச் சுற்றி அமர்ந்து பயின்ற வடிவமே முதலில் பரவலாக இருந்தது. அங்கே தவறான படிமுறையை ஆசிரியர் கொப்பியைப் பார்த்தே கண்டுபிடித்தார். பின்னர் குழு வகுப்பும், அதன் பின் நூற்றுக்கணக்கானோர் ஒலிபெருக்கியின் முன் அமரும் மண்டப வகுப்பும் வந்தன. பாடக்கோட்பாட்டை விளக்கும் ‘தியறி’, பரீட்சைக்கு முன் மீட்டும் ‘றிவிஷன்’, கடந்தகால வினாத்தாள்களைச் செய்யும் ‘பேப்பர் கிளாஸ்’ என ஒரு பாடமே பல வகுப்புகளாகப் பிரிந்தது. ‘ரியூட்’ எனப்படும் அச்சிட்ட பாடக்குறிப்பு, பாடநூலின் இடத்தையும் மாணவர் தாமே எழுதும் குறிப்பின் இடத்தையும் ஒருங்கே பிடித்தது. எதிர்பார்க்கை வினாக்களும் அவற்றுக்கான மாதிரி விடைகளும் அதில் ஆயத்தமாக இருந்தன.

இத்தொழில் செய்த நன்மைகளைப் பதிவு செய்வது கடமை. கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைகளின் பிள்ளைகள் அப்பாடங்களைக் கற்றது தனிவகுப்பிலேயே. வேலையற்ற பட்டதாரிகள் பலருக்கு அது வாழ்வளித்தது. இடப்பெயர்வினால் படிப்புத் தடைப்பட்ட பிள்ளைகளை மீண்டும் பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டுசென்றது. ஆயினும் இலவசக் கல்வி நாட்டில் அது கட்டாயச் செலவாக மாறியது. 1995/96, 2006/07 ஆண்டுகளின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வொன்று, முதற் காலத்தில் ஆடம்பரச் செலவின் இயல்பைக் கொண்டிருந்த தனிவகுப்புக் கட்டணம் பிற்காலத்தில் இன்றியமையாச் செலவாக மாறிவிட்டது என்று காட்டியது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, வறிய பிள்ளைக்குக் கைகொடுக்க எழுந்த நோக்கத்திலிருந்து விலகி, பத்து வயதுப் பிள்ளையின் வார இறுதிகளை விழுங்கும் போட்டியாயிற்று.

நன்னூலின் கணக்கில் வைத்துப் பார்த்தால் மண்டப வகுப்பின் குறை தெளிவாகும். சிறந்த ஆசிரியரின் விளக்கம் என்னும் முதற் கால்பங்கை அது பெருந்தொகையினருக்கு வழங்கியது. உடன் பயில்வோரோடு உரையாடும் கால்பங்குக்கும், கற்றதை எடுத்துரைக்கும் அரைப்பங்குக்கும் அங்கே நேரமும் இல்லை, இடமும் இல்லை. ஒரு வகுப்பிலிருந்து மறு வகுப்புக்கு ஓடும் பிள்ளைக்கு வீட்டிலும் அவை கிட்டவில்லை. பெற்றோர் தம் அன்பைப் போக்குவரத்தாகவும் கட்டணமாகவும் காத்திருப்பாகவும் வெளிப்படுத்தினர்; இன்று படித்ததைச் சொல் என்று கேட்டுச் செவிமடுக்கும் வேளை அவர்களுக்கும் வாய்க்கவில்லை.

நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகம் இதே சுற்றாடலில் மாற்று வழியொன்றைக் காட்டியது. 1980இல் நிறுவப்பட்ட இப்பல்கலைக்கழகம், ஆசிரியர் அருகில் இல்லாத நிலையிலும் கற்கத்தக்கவாறு படிப்படியாக எழுதப்பட்ட பாடத்தொகுதிகளையும், இடையிடையே மாணவர் தாமே எழுதி ஒப்படைக்கும் ஒப்படைகளையும், குறித்த நாட்களில் நேர்முக வகுப்புகளையும் சேர்த்து அமைத்தது. பாடக்குறிப்பு அங்கும் அச்சிட்டே தரப்பட்டது. ஆனால் அக்குறிப்பு மாணவரிடம் கேள்வி கேட்கும்படி எழுதப்பட்டிருந்தமையால், விடை எழுதும் பொறுப்பு மாணவரிடமே இருந்தது. ஒரே தாளும் மையும், எந்த நோக்கத்தோடு அமைக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்து, சிந்தனையை வளர்க்கவோ அதற்கு ஓய்வு கொடுக்கவோ செய்யும்.

திரைக்குள் சென்ற வகுப்பு

2020 மார்ச்சில் கொவிட்-19 தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நுகேகொடை, வெள்ளவத்தை மண்டபங்களும் ஒரே வாரத்தில் வெறிச்சோடி, வகுப்புகள் சூம் செயலிக்கும் வட்ஸ்அப் குழுக்களுக்கும் மாறின. கல்வியமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ இணையத்தளமும் தொலைக்காட்சிப் பாடங்களும் துணைநின்றன. நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டிலேயே மேசைக் கணினியோ மடிக்கணினியோ இருந்த நிலையில், பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோரின் கைப்பேசித் திரையிலேயே பாடங்களைப் பார்த்தனர். பல பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு கைப்பேசி முறைவைத்துப் பயன்பட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. இவ்விரு நெருக்கடிகளின் மூலம், பிள்ளை தனித்துத் திரையின் முன் அமர்ந்து பயிலும் வழக்கம் ஊன்றியது. அத்தனிமைக்குள்தான் சாட்ஜிபிடியும் அதனையொத்த மென்பொருள்களும் நுழைந்தன. 2024இல் கல்வியமைச்சு மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தோடு சேர்ந்து, தெரிந்தெடுத்த 20 பாடசாலைகளில் எட்டாம் தரம் முதலாகச் செயற்கை நுண்ணறிவைக் கற்பிக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது.

செயற்கை நுண்ணறிவு என்று இங்கே குறிக்கப்படுவது, பெருந்தொகையான எழுத்துகளைக் கணினிக்கு ஊட்டி, ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரத்தக்கது என்பதை அதனைக் கணிக்கச் செய்து, அக்கணிப்பின் வழியே உரையாடவும் எழுதவும் பழக்கிய மொழி மாதிரிகளையாகும். எந்நேரமும் விழித்திருக்கும், சலிக்காமல் பதிலளிக்கும், கட்டணம் குறைந்த தனி ஆசிரியர் என்று பார்த்தால் அதன் கவர்ச்சி விளங்கும். தனி ஆசிரியரின் ஆற்றலை அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய கட்டுரை புகழ்பெறச் செய்தது: தனியே கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வகுப்பறையிற் கற்ற மாணவரின் சராசரியைவிட இரண்டு நியமவிலகல் உயர்ந்து, அவ்வகுப்பின் 98 சதவீதத்தினரை விஞ்சினார் என்று அவர் அறிவித்தார். பின்வந்த ஆய்வுகள் இவ்வளவு பெரிய பயனைக் காணவில்லை. கேர்ட் வன்லேன் 2011இல் தொகுத்த ஆய்வுகளில் தனி ஆசிரியரின் பயன் ஏறத்தாழ 0.79 நியமவிலகலாகவும், கணக்கின் ஒவ்வொரு படியையும் பின்தொடர்ந்து வழிகாட்டும் கணினி மென்பொருளின் பயன் ஏறத்தாழ 0.76 ஆகவும் இருந்தன. இயந்திரத்தால் நன்கு கற்பிக்க முடியும் என்பதற்கு இது சான்று. அம்மென்பொருள்கள் விடையைத் தராமல் அடுத்த படியை மாணவரிடமே கேட்டன என்பதும் உடன் நினைவிலிருத்த வேண்டிய செய்தி.

விடையைத் தரும் இயந்திரம் என்ன செய்யும் என்பதற்குத் துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வு விடை கூறுகிறது. சாதாரண வடிவில் மொழி மாதிரியைப் பயன்படுத்திய மாணவர் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகப் புள்ளி பெற்றனர். இயந்திரத்தை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, அதனை ஒருபோதும் பயன்படுத்தாதோரைவிட 17 சதவீதம் பின்தங்கினர். ஆசிரியர்கள் தயாரித்த குறிப்புகளின்படி விடையை மறைத்து வழியை மட்டும் காட்டும் வடிவத்தைப் பயன்படுத்தியோர் பயிற்சியில் 127 சதவீதம் உயர்ந்ததோடு, பரீட்சையில் அவ்வாறு பின்தங்கவுமில்லை. மாதிரி விடையை மனனஞ்செய்து பேப்பர் கிளாஸில் உயர்ந்த புள்ளி பெற்று, வினா சற்றே மாறியதும் தடுமாறிய உயர்தர மாணவரை அறிந்த எந்த ஆசிரியருக்கும் இம்முடிவு வியப்பளிக்காது.

தமிழ்மொழி மூல மாணவருக்கு மேலுமொரு சிக்கல் உண்டு. இலங்கைப் பாடநூல்களின் கலைச்சொற்களும் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் கலைச்சொற்களும் பல பாடங்களில் வேறானவை. இலங்கைத் தமிழில் இணையத்திலுள்ள பாட எழுத்து மிகக் குறைவு. ஆகவே இலங்கைப் பாடத்திட்டத்தின் நடையிலும் கலைச்சொற்களிலும் விடை எழுத வேண்டிய மாணவர், இயந்திரம் தரும் விளக்கத்தைத் தம் பாடநூலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியவராகிறார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதன் இழப்பை உணர்ந்த சமூகம், 2005 முதல் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தின் வழியே ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்துவருகிறது. பாடநூல்கள், ஆசிரியர் கைந்நூல்கள், பழைய அறிவியல் நூல்கள் ஆகியவற்றையும் அவ்வாறு சேர்ப்பது, வருங்காலப் பிள்ளைக்குத் தன் மொழியில் கற்பிக்கும் இயந்திரத்தை உருவாக்கும் பணியின் பகுதியாகும்.

எஞ்சிய முக்கால்பங்கு

எடுத்துரைப்பதாலேயே புலமை நிரம்பும் என்ற நன்னூலின் கருத்தைத் தற்கால ஆய்வும் வேறு வழியில் வந்தடைந்துள்ளது. படித்ததைத் தமக்குத் தாமே விளக்கிச் சொல்லும் மாணவர் ஆழமாகக் கற்கின்றனர் என்பதை அமெரிக்க உளவியலாளர் மிஷலீன் சீ 1989 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார். வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பெற்றீஸ் பிரெய்ன்’ என்ற மென்பொருளில் இயந்திரம் மாணவராக அமர்ந்திருக்க, பிள்ளை ஆசிரியராக இருந்து அதற்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்தது. தாம் கற்பித்தது சரியா என்று சோதிக்கும் பொறுப்பு வந்ததால் பிள்ளைகள் கூடுதலாக முயன்று கற்றனர். செயற்கை நுண்ணறிவை விடைக்காக மட்டும் நாடும் பிள்ளை முதற் கால்பங்கோடு நின்றுவிடும். ஒளித்தொகுப்பையோ இருபடிச் சமன்பாட்டையோ அதற்கு விளக்கி, தன் விளக்கத்தில் ஓட்டை எங்கே என்று அதனிடம் கேட்கும் பிள்ளை, அரைப்பங்கை நோக்கிச் செல்லும். சட்டாம்பிள்ளையின் இடத்தில் பிள்ளையை அமர்த்தக்கூடிய கருவி இன்று ஒவ்வொரு கைப்பேசியிலும் உள்ளது. அவ்வாறு பயன்படுத்துமாறு வழிகாட்டுவோரே தேவை.

அவ்வழிகாட்டலில் பெற்றோரின் பங்கு பெரிது. அதற்குக் கணினி அறிவோ பாட அறிவோ தேவையில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியிலோ கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலோ நுகேகொடை வாடகை வீட்டிலோ வாழும் தாயோ தந்தையோ அப்பம்மாவோ, கைப்பேசியை ஒதுக்கிவைத்துவிட்டு, இன்று கற்றதை எனக்கு விளங்கும்படி சொல் என்று பிள்ளையிடம் கேட்டுப் பொறுமையோடு செவிமடுத்தால், உயிரியலை அறியாதவரும் பிள்ளையின் விளக்கம் தடுமாறும் இடத்தை உணர முடியும். கேட்பவருக்கு விளங்கவில்லை என்பதே பிள்ளை மீண்டும் நூலைத் திறப்பதற்குப் போதிய காரணமாகும். இயந்திரம் தவறான செய்தியையும் உறுதியான குரலில் கூறக்கூடியது; பிள்ளையின் தவறான கருத்தை முகமலர்ந்து ஆமோதிக்கவும் கூடியது; ஆகவே பாடநூலோடு ஒப்பிடும் பழக்கத்தையும், ஆசிரியரிடம் கேட்டுத் தெளியும் பழக்கத்தையும் வீடு வளர்த்தாக வேண்டும். முதலில் தானே முயன்று எழுதிய பின்னரே இயந்திரத்தைக் கேட்பது என்ற ஒழுங்கு, சிறு வயதிலேயே பழக்கத்தக்கது.

பாடசாலைக்கும் தனிவகுப்புக்கும் இதில் பங்கு உண்டு. மண்டபத்தில் ஒலிபெருக்கி வழியாகச் சொல்லப்படும் விளக்கத்தை இனி இயந்திரமும் காணொளியும் வழங்கக்கூடுமாதலால், ஆசிரியரின் நேரத்தை மாணவரின் வாய்மொழி விளக்கத்தைக் கேட்பதற்கும், சிறு குழுக்களில் விவாதிக்கச் செய்வதற்கும், கொப்பியிலுள்ள தவறின் மூலத்தைக் கண்டறிவதற்கும் திருப்பலாம். ஆசிரியரின் வீட்டு முன்னறையில் நாலைந்து பிள்ளைகள் கற்ற பழைய வடிவம் மீண்டும் உயிர்பெற இது நல்ல தருணம். பரீட்சைகள் மனனத்தை மட்டும் அளக்கும் வரை எந்தக் கருவியும் மனனத்தையே வளர்க்கும். எனவே வாய்மொழிப் பரீட்சைக்கும் செயற்றிட்டங்களுக்கும் மதிப்பளிக்கும் சீர்திருத்தத்தை மகரகமையிலுள்ள பாடத்திட்ட வல்லுநர்களிடமும் கல்வியமைச்சிடமும் பெற்றோர் கேட்டுப்பெற வேண்டும்.

அச்சு நூலும் ரியூட்டும் சூமும் போலவே செயற்கை நுண்ணறிவும் கற்றலின் கால்பங்கை எளிதாக்கியுள்ளது. இம்முறை அது பணம் படைத்தோருக்கும் இல்லாதோருக்கும் ஏறக்குறைய ஒரே விலையிற் கிடைக்கக்கூடிய வாய்ப்பும் உண்டு. 1945இல் இந்நாடு பாடசாலைக் கட்டணத்தை நீக்கித் தன் பிள்ளைகள் அனைவருக்கும் அக்கால்பங்கைத் தர முனைந்தது. எஞ்சிய முக்கால்பங்கு, அதாவது தோழரோடு பேசிக் கற்கும் வாய்ப்பும், கற்றதைச் சொல்லக் கேட்கும் செவியும், எந்தப் பிள்ளைக்கும் மறுக்கப்படாத ஏற்பாட்டைச் செய்வதே இத்தலைமுறையின் இலவசக் கல்விப் பணியாகும்.